உள்ளே விட்ட துணி

முதலில் ஒரு விஷயம். போன வாரம் வானொலியைத் திட்டித் தீர்த்த வாசகிகள் எல்லோரும் இந்த வாரம் கொஞ்சம் பொறுமையாகப் படிக்க வேண்டும். பாவம், அந்த மனுஷன் ஒரு பிஸ்கட்டைக்கூடத் தொடவில்லை.

புதிதாகப் படிக்க வந்தவர்களுக்காகச் சொல்கிறேன். தையல்காரர் வீட்டு முன்னறையில், ஜன்னலோரம், ஒரு பொம்மை நிற்கும். தலை கிடையாது, கை கிடையாது. தைத்த உடுப்பை மாட்டிப் பார்ப்பதற்கான பொம்மை. உள்ளே வெறும் கூடு. கழுத்தில் இருக்கும் மர மூடியைத் திருகி எடுத்தால் ஒரு கை தாராளமாக நுழையும்.

போன வாரம் தையல்காரரின் மனைவி வேலை முடிந்து வீட்டுக்குள் வந்தபோது, மகள் முழங்கை வரை அந்தப் பொம்மைக்குள் கையை விட்டுக்கொண்டு நின்றாள். அம்மாவைப் பார்த்ததும் திடுக்கிட்டுக் கையை உருவினாள். கையில் ஒரு கிரீம் பிஸ்கட் பாக்கெட். "இது யாரோடது? இந்த வீட்ல யாரு இப்படித் திருட்டுத்தனமா திங்கிறது?" என்று மகள் போட்ட சத்தத்தில் தையல்காரர் ஊசியை விரலில் ஏற்றிக்கொண்டார்.

யாருடையது? அம்மாவுடையதுதான்! ஆனால் அவள் வாயைத் திறப்பதற்குள் அவளுடைய தம்பி முந்திக்கொண்டான். "என்னோடதுதான், அதுக்கு என்ன இப்போ?"

இந்தத் தம்பிதான் வானொலி. சலூன் வைத்திருக்கிறான், மாடி அறையில் குடியிருக்கிறான். முடி வெட்ட வருகிறவர்கள் சொல்வதையெல்லாம் சாயங்காலத்துக்குள் தெரு முழுக்க ஒலிபரப்பிவிடுவதால் அந்தப் பெயர். எந்த ரகசியமும் அவன் வாயில் தங்காது. ஆனால் அன்று அக்காவின் முகம் வெளுத்துப்போனதைப் பார்த்ததும் அந்த ஒரு ரகசியம் மட்டும் என்னவோ அவன் வாய்க்குள் பூட்டிக்கொண்டது.

அதற்குத் தண்டனை உடனே கிடைத்தது. மகள் மருந்துக் கடையில் வேலை பார்க்கிறவள். மாமாவின் உடம்பைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டாள். துணி மாட்டும் கம்பி மாதிரி இருக்கும் ஆளுக்குப் பத்தியச் சாப்பாடு!

"கம்பவுண்டரம்மா, இந்த வேகவச்ச கேரட்ல ஒரு கல்லு உப்பு போட்டா போலீஸ் பிடிக்குமா?" என்று இன்று காலையும் வானொலி கெஞ்சிப் பார்த்தான்.

"மாமா, உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன்."

"என் நல்லதுக்காக இந்த வீட்ல என்னைத் தவிர எல்லாரும் நல்லா சாப்பிடுறாங்க!"

மகள் சிரிக்கவில்லை. ஒரு டம்ளர் டீயை நின்றபடியே குடித்தாள். "கடையில சாப்பிட்டுக்கிறேம்மா" என்றாள். வாசலில் செருப்பை மாட்டும்போது ஒரு வெள்ளை பேண்ட்டை அப்பாவின் மிஷின்மேல் போட்டாள்.

"அப்பா, இடுப்பு நிக்க மாட்டேங்குது. கொஞ்சம் பிடிச்சு வைங்க."

"இப்பதானே பிடிச்சுக் குடுத்தேன்?"

"துவைச்சதுல தளர்ந்திருக்கும்ப்பா" என்று சொல்லிக்கொண்டே போய்விட்டாள்.

இன்று யாருக்கும் பேண்ட்டைப் பற்றி யோசிக்க நேரமில்லை. வீடே கல்யாண வீடு மாதிரி பரபரத்துக்கொண்டிருந்தது. காரணம், பஸ்காரம்மா.

தெருவில் தையல்காரர் மனைவியை எல்லோரும் அப்படித்தான் கூப்பிடுவார்கள். டிப்போவில் டிரைவர். ஊருக்குப் புதிதாக ஒரு நீளப் பஸ் வந்திருக்கிறது. இரண்டு பஸ்ஸை ஒட்டவைத்து நடுவில் ரப்பர் துணியால் மடிப்பு வைத்த பஸ். திருப்பத்தில் நடு இடுப்பு வளையும். அதை முதன்முதலாக ஓட்டப் போகிறவள் நம் பஸ்காரம்மாதான். பயிற்சியில் அத்தனை ஆண் டிரைவர்களும் பின்பக்கத்தைச் சுவரில் இடித்தார்கள். இவள் மட்டும் நூல் பிடித்த மாதிரி திருப்பினாள்.

புது வண்டிக்குப் புது உடுப்பு. சாம்பல் நிறக் கோட்டு, வெள்ளிப் பொத்தான். முந்தின நாள் சாயங்காலம்தான் பார்சல் வந்தது. பேண்ட் பிரச்சினையில்லை, இடுப்பில் எலாஸ்டிக். எலாஸ்டிக் எதையும் மன்னித்துவிடும். கோட்டை அவள் போட்டுப் பார்க்கவில்லை. "நாற்பதுதானே சொன்னேன், எனக்குத் தெரியாதா?" என்று மாட்டி வைத்துவிட்டாள்.

இன்று குளித்து, தலை சீவி, உள்ளறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். ரொம்ப நேரம் ஒரு சத்தமும் இல்லை.

பிறகு, "என்னங்க!"

தையல்காரர் கத்தரிக்கோலைக் கீழே வைத்தார். அந்தக் குரலிலேயே அவருக்கு விஷயம் புரிந்துவிட்டது.

கதவைத் திறந்துகொண்டு வந்தாள் பஸ்காரம்மா. கோட்டின் கைக்குள் கை நுழைந்திருந்தது. ஆனால் பொத்தானுக்கும் காஜாவுக்கும் நடுவில் ஒரு சாண் இடைவெளி. இழுத்தால் முதுகுத் தையல் முனகியது.

"கம்பெனிக்காரன் மாத்தி அனுப்பிட்டான். கண்ணு தெரியாத பய! நாற்பதுன்னு தெளிவாச் சொன்னேன்."

"நாற்பதுன்னா சொன்னே?" என்றார் தையல்காரர். "என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே."

"இதுல கேக்கிறதுக்கு என்ன இருக்கு? பழைய கோட்டு காலர்லயே சீட்டு இருக்கே! அதைப் பாத்துதான் சொன்னேன்."

அடக் கடவுளே, என்று தையல்காரர் மனசுக்குள் தலையில் அடித்துக்கொண்டார். எதற்கு என்று கேட்கிறீர்களா?

நல்ல தையல்காரர் யாரும் துணியை ஒட்ட வெட்டித் தைக்க மாட்டார். பின்னால் உடம்பு போட்டால் பிரித்துவிட வேண்டும் என்று தையலுக்கு உள்ளே கொஞ்சம் துணி விட்டு வைப்பார். இவர் பெண்டாட்டியின் டிப்போ கோட்டைக் கையில் வாங்கிய நாளிலிருந்து இதே வேலையாகத்தான் இருந்தார். "பொத்தான் இழுக்குதுங்க, துவைச்சதுல சுருங்கிடுச்சு போல" என்பாள் அவள். "ஆமாமா, இந்தத் துணியே அப்படித்தான்" என்பார் இவர். அவள் தூங்கினபின் பிரித்துவிடுவார். அடுத்த நாள் கோட்டு கச்சிதமாக இருக்கும். உள்ளே விட்ட துணி தீர்ந்ததும், அதே நிறத்தில் பட்டை வெட்டிப் பக்கவாட்டில் சேர்த்தார். பட்டைக்குப் பக்கத்தில் இன்னொரு பட்டை. எல்லாம் செய்த மனுஷன் காலரில் இருந்த சைஸ் சீட்டில் மட்டும் கை வைக்கவில்லை. அது நாற்பது என்று பிடிவாதமாகச் சொல்லிக்கொண்டே இருந்தது.

அவளுக்குத் தெரியாதா என்றால், தெரியும். தன் உடம்பு தனக்குத் தெரியாமல் இருக்குமா? ஆனால் தெரிந்ததைத் தெரியாத மாதிரி வைத்துக்கொள்ள ஒரு சின்னச் சீட்டு இருந்தது. தினமும் காலையில் அதைப் பார்த்துக்கொள்வாள். போதுமானதாக இருந்தது.

"இருங்க, காட்டுறேன்" என்று புதுக் கோட்டைக் கழற்றி வெட்டு மேசைமேல் போட்டு, பழைய கோட்டை எடுத்து வந்து அதற்குப் பக்கத்தில் விரித்தாள். இரண்டிலும் நாற்பது. புதியது மேசையில் பாதியைத்தான் நிறைத்தது. பழையது இரண்டு பக்கமும் வழிந்தது.

வானொலி கேரட்டை மெல்லுவதை நிறுத்தினான்.

அவள் பழைய கோட்டின் உள்பக்கத்தைப் புரட்டினாள். தையல்மேல் தையல். ஒவ்வொன்றும் ஒரு சாயல் நூல். ஒன்று கருநீலம், ஒன்று வெளிர்நீலம், ஒன்று கறுப்பு. விரலை வைத்துத் தடவினாள்.

"இது எப்போ?"

"உன்னைக் கடைசி ட்ரிப்புக்கு மாத்துனாங்களே, அப்போ."

"இது?"

"உங்கம்மா போனப்போ."

"இது?"

"நீ டிப்போல யாரு வீட்டு விசேஷத்துக்கும் வரமாட்டேன்னு சொல்ல ஆரம்பிச்சியே... அப்போ."

அவள் முகம் சிவந்தது. "ஏங்க, எனக்குக் கோட்டு தைச்சீங்களா, இல்ல நான் திங்கிறதுக்கு வழி தைச்சுக் குடுத்தீங்களா?"

"ஒருநாள் கண்ணாடி முன்னாடி நின்னு அழுதியேம்மா நீ. நான் வாசல்ல நின்னு பாத்தேன். வேற என்ன செய்வேன்? எனக்குத் தெரிஞ்சது ஊசியும் நூலும்தான்."

"வாயைத் திறந்து ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல?"

"கேட்டா இன்னும் அழுவியோன்னு பயந்தேன்."

அவள் சண்டைக்குத்தான் தயாரானாள். இடுப்பில் கை வைத்து, மூச்சையும் இழுத்துவிட்டாள். ஆனால் வந்தது வேறு.

"பொம்மைக்குள்ள இருக்கறது என்னோடதுங்க. தம்பியோடது இல்ல."

"தெரியும்."

"தெரியுமா!"

"தினமும் துணி மாட்டுற பொம்மைம்மா அது. நகர்த்தினாலே சரசரங்குது."

வானொலி நெஞ்சில் கை வைத்துக்கொண்டான். "அத்தான்! தெரிஞ்சுகிட்டேவா என்னை இந்த வேகவச்ச கேரட்டுக்குப் பலி குடுத்தீங்க?"

பஸ்காரம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே அழுதாள். பிறகு மேசையோரம் உட்கார்ந்து, யாரும் கேட்காமலே சொன்னாள்.

"பசி இல்லங்க அது. பசின்னா சாப்பிட்டா அடங்கும். கடைசி ட்ரிப் முடிஞ்சு வண்டி காலியாகும் பாருங்க, அந்த நேரம் எனக்குள்ளயும் யாரோ இறங்கிப் போற மாதிரி இருக்கும். ஒரு பாக்கெட் பிரிப்பேன். ருசி முதல் ரெண்டுல தெரியும். அப்புறம் கை பாட்டுக்குப் போகும், வாய் பாட்டுக்கு மெல்லும். முடிஞ்சதும் என்னை நானே அடிச்சுக்கலாம் போல இருக்கும். நாளைக்குத் தொடமாட்டேன்னு சத்தியம் பண்ணுவேன். அந்தச் சத்தியத்தை நினைச்சு இன்னொரு பாக்கெட் பிரிப்பேன். வீட்டுக்கு வந்து உங்க முன்னாடி அரை வயிறு சாப்பிட்டு, போதும்னு சொல்லுவேன். எங்கயும் போக முடியல. போனா சாப்பாடு இருக்கும். நாலு பேர் பாப்பாங்க."

தையல்காரர் அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டார். பிடித்தபடியே அசடு வழிய நின்றார்.

வானொலிதான் முதலில் நடப்புக்குத் திரும்பினான். "அக்கா, அழுகையை மடிச்சு வை. மத்தியானம் வண்டி கிளம்பணும். பொத்தான் சார் உன்னை இப்படி ஏத்தவே மாட்டாரு."

பொத்தான் சார் என்பது டிப்போ மேனேஜர். பொத்தான் போடாத டிரைவர் வண்டியில் கால் வைக்கக் கூடாது என்பது அவருடைய சட்டம். அவள் ஏறாவிட்டால் சாவி மீசைக்காரருக்குப் போகும். சுவரில் இடித்தவர்களில் அவர்தான் பலமாக இடித்தவர்.

"என்னங்க, இதையும் பிரிச்சு விடுங்க" என்று புதுக் கோட்டை நீட்டினாள்.

தையல்காரர் அதைப் புரட்டிப் பார்த்தார். முகம் சுளித்தார். "கம்பெனித் தையல். உள்ளே நகக்கண் அளவு துணி விடலை. இந்தச் சாம்பல் நிறமும் என்கிட்ட இல்ல."

"அப்போ?"

அவர் அலமாரியைக் குடைந்து ஒரு துணியை எடுத்தார். பளீர் ஆரஞ்சு. "நம்ம கடை வாசலுக்குத் திரை போட வாங்கினது. உன் புது பஸ்லயும் இதே நிறத்துல கோடு ஓடுதுன்னு சொன்னியே. ரெண்டு பக்கமும் பட்டை வச்சா பொத்தான் போட்டுடலாம்."

"ஊரே பாக்கும்ங்க!"

"பாக்கும்."

"மறைச்சுத் தைக்க முடியாதா?"

"இதை மறைக்கத் துணி இல்லம்மா."

அவள் கோட்டைப் பார்த்தாள். பொம்மையைப் பார்த்தாள். பஸ்ஸின் சாவி அவளுடைய கண்முன்னால் ஆடியது. மீசைக்காரர் அந்த வண்டியைத் திருப்பத்தில் இடிப்பதையும் நினைத்துப் பார்த்தாள். அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

"தைங்க" என்று எழுந்து நின்று இரண்டு கையையும் விரித்தாள். "டேப்பை எடுங்க. அளந்து தைங்க."

தையல்காரர் ஒரு கணம் தயங்கினார். ஊரில் எல்லோரையும் அளக்கிறவர். பெண்டாட்டியை அளந்து பல வருஷமாகிவிட்டது. டேப்பைச் சுற்றினார், எண்ணைப் பார்த்தார், வாய்க்குள் முணுமுணுத்தார்.

"சத்தமா சொல்லுங்க."

"நாற்பத்தெட்டு."

"வானொலி, கேட்டுச்சா?"

"கேட்டுச்சுக்கா. ஒலிபரப்பட்டுமா?"

"இரு, நானே பண்ணிக்கிறேன்" என்றாள் பஸ்காரம்மா.

மிஷின் அன்று ஓடிய ஓட்டம் இருக்கிறதே, அப்பப்பா! தையல்காரர் காலை எடுக்கவே இல்லை.

டிப்போவில் நீளப் பஸ் கழுவித் துடைத்து நின்றது. ஃபோட்டோக்காரர் வந்திருந்தார். டிரைவர்கள், மெக்கானிக்குகள் எல்லோரும் சாம்பல் கோட்டில் வரிசையாக நின்றார்கள். நடுவே இரண்டு பக்கமும் ஆரஞ்சு ஒளிர நடந்து வந்தாள் பஸ்காரம்மா. பயிற்சியில்கூட அவளுக்கு இவ்வளவு வேர்த்ததில்லை.

பொத்தான் சார் மேலிருந்து கீழ்வரை பார்த்தார். முதல் பொத்தான், இரண்டாவது பொத்தான், எல்லாம் சரி. பிறகு கண் பக்கவாட்டில் போனது.

"இது என்னம்மா?"

அவள் பதில் சொல்வதற்குள் மீசைக்காரர் முன்னால் வந்துவிட்டார். "டிசைன் சார்! பாருங்க, பஸ்ல ஓடுற ஆரஞ்சுக் கோட்டோட அப்படியே மேட்ச் ஆகுது. முதல் வண்டிக்குன்னு ஸ்பெஷலா வச்சிருக்காங்க. அப்படித்தானேம்மா?"

நல்ல மனுஷன். இடித்தாலும் நல்ல மனுஷன்தான். அவள் "ஆமா" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். வீட்டுக்காரர் செய்த மாதிரியே ஊரும் அவளுக்கு உள்ளே துணி விட்டுக் கொடுக்கத் தயாராக இருந்தது. அந்த ஆமா நுனி நாக்குவரை வந்துவிட்டது.

கூட்டத்துக்குப் பின்னால் தையல்காரர் நின்றிருந்தார். விரலெல்லாம் ஆரஞ்சு நூல்.

"டிசைன் இல்ல சார்" என்றாள். குரல் கொஞ்சம் கீச்சென்றுதான் வந்தது. "கோட்டு எனக்குப் பத்தலை. நான்தான் சைஸைத் தப்பாச் சொல்லிட்டேன். எனக்கு இப்போ நாற்பத்தெட்டு. பிஸ்கட்டை நிறுத்த முடியாத வியாதி எனக்கு. யாருக்கும் தெரியாம தின்னுகிட்டு இருந்தேன். அதான் உங்க யாரு வீட்டு விசேஷத்துக்கும் வரல. உங்க மேல கோபம் ஒண்ணும் இல்ல."

வானொலியே வாயைத் திறக்கவில்லை. கடைசியில் மீசைக்காரர்தான், "நாங்க என்னவோ உனக்குத் தலைக்கனம்னு நினைச்சுட்டு இருந்தோமே தாயே" என்றார். சொல்லிவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

பொத்தான் சார் தொண்டையைச் செருமினார். "பொத்தான் எல்லாம் போட்டிருக்கு. துணி என்ன நிறத்துல இருக்கணும்னு சட்டத்துல இல்ல. ஏறுங்க." சாவியைக் கொடுக்கும்போது பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்தினார். "ஏம்மா, என் கோட்டையும் உங்க வீட்டுக்காரர்கிட்ட அனுப்பினா... நான் காலையிலேர்ந்து மூச்சைப் பிடிச்சுகிட்டு நிக்கிறேன்."

"அனுப்புங்க சார். ஆனா ஆரஞ்சுதான் இருக்கு!"

வண்டி கிளம்பியது. அவள் ஓட்டிய அழகை நான் சொல்ல வேண்டியதில்லை. முதல் திருப்பத்தில் அந்த நீள உடம்பு வளைய, நடு மடிப்பு ஒரு பக்கம் சுருங்கி மறுபக்கம் விரிந்தது. பஸ்ஸுக்குள் அந்த மடிப்போரமாகவே இடம் பிடித்து நின்றிருந்த தையல்காரர் அதைத் தடவிப் பார்த்துவிட்டு மச்சான் வானொலியிடம் சொன்னார்: "எவ்வளவு துணி விட்டிருக்கான் பாருடா! இவன்தான் தொழில் தெரிஞ்சவன்."

கடைசி நிறுத்தத்தில் எல்லோரும் இறங்கினார்கள். வண்டி காலியானது. அவளுடைய கை, சொல்லாமலே, பையைத் தேடிப் போனது.

தையல்காரர் பஸ்ஸின் வாலிலிருந்து தலைவரை நடந்து வந்தார். அவள் பாக்கெட்டை ஒளிக்கவில்லை.

"வேணும் போல இருக்குங்க. இவ்வளவு சந்தோஷமா இருக்கேன், அப்பவும் வேணும் போல இருக்கு."

"எவ்வளவு வேணும்?"

"முழுசும்."

அவர் படிக்கட்டில் உட்கார்ந்தார். வானொலியும் வந்து உட்கார்ந்து கையை நீட்டினான். அவள் பாக்கெட்டை முடித்தாளா என்று கேட்டால், முடித்தாள். பொய் சொல்லி எனக்கு என்ன ஆகப்போகிறது? ஒரே நாளில் சரியாகிவிட இது என்ன அறுந்த பொத்தானா? ஆனால் அதில் பாதியை வானொலி தின்றான். முதன்முறையாக அவள் ஆள் இருக்கும்போது தின்றாள். முதல் இரண்டைத் தாண்டியும் ருசி தெரிந்தது என்று அவளே சொன்னாள்.

"அக்கா, என் கஸ்டமர் ஒருத்தரு இதே மாதிரி இருந்தாரு" என்றான் வானொலி, வாய் நிறைய பிஸ்கட்டுடன். "இதுக்குன்னே டாக்டர் இருக்காங்களாம். திட்ட மாட்டாங்களாம். உக்கார வச்சுப் பேசுவாங்களாம்."

"நீங்களும் வருவீங்களா?" என்று அவள் புருஷனைக் கேட்டாள்.

"வராம? நானும்தானே சேந்து தைச்சேன்."

சாயங்காலம் மூவரும் வீட்டுக்கு வந்ததும் அவள் கோட்டைக்கூடக் கழற்றவில்லை. நேரே பொம்மையிடம் போனாள். "இன்னைக்கே காலி பண்ணிடுறேன். அவ வந்ததும் உண்மையைச் சொல்லிடுறேன்."

"எனக்கு விடுதலை! கேரட்டே, போய் வா!" என்று வானொலி குதித்தான்.

மூடியைத் திருகி எடுத்துக் கையை விட்டாள். ஒரு கிரீம் பிஸ்கட். இன்னொரு கிரீம் பிஸ்கட். ஒவ்வொன்றாக மேசைமேல் வைத்தாள். வெட்கமாகத்தான் இருந்தது, ஆனால் காலையில் இருந்த வெட்கம் இல்லை. கையை இன்னும் ஆழமாக விட்டாள். அடியில் ஏதோ வேறு மாதிரி தட்டுப்பட்டது.

வெளியே எடுத்தாள். காலியான சிப்ஸ் பாக்கெட். சின்னச் சதுரமாக மடித்து, ஒரு முனையை உள்ளே செருகி, பிரியாதபடி வைத்திருந்தது. இன்னொன்று வந்தது. இன்னும் வந்தது. எல்லாம் சிப்ஸ், எல்லாம் அதே மடிப்பு.

"டேய், உன்னோடதா?"

"உன்மேல சத்தியமா இல்லக்கா!"

"என்னோடதும் இல்ல. நான் இனிப்புக் கட்சி. உப்பைத் தொடவே மாட்டேன்."

தையல்காரர் ஒரு மடிப்பை எடுத்து வெளிச்சத்தில் பார்த்தார். மடிப்பு என்றால் அவர் கண்ணுக்குத் தப்பாது. "இப்படி முனையைச் செருகுறது..." என்று ஆரம்பித்தார். முடிக்கவில்லை.

முடிக்க வேண்டியதும் இல்லை. தூள் மருந்தைக் காகிதத்தில் மடித்துக் கொடுக்கிறார்களே, மருந்துக் கடையில், சிந்தாமல் ஒரு முனையை உள்ளே செருகி? அந்த மடிப்பு.

பஸ்காரம்மாவுக்குப் போன வாரம் கண்முன்னால் வந்தது. பொம்மைக்குள் முழங்கை வரை மகளுடைய கை. அம்மாவைப் பார்த்ததும் போட்ட அந்தச் சத்தம். அவள் அதற்குள் எதையோ தேடுகிறாள் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். தேடுகிறவள் ஏன் அப்படித் திடுக்கிட வேண்டும்?

"நின்னுகிட்டே டீயைக் குடிச்சுட்டு ஓடுறா" என்றாள் மெதுவாக. "கடையில சாப்பிடுறேன்னு சொல்றா. என்னங்க, அவ துணியையும் பிரிச்சு விட்டிருக்கீங்களா?"

தையல்காரர் மிஷின்மேல் கிடந்த வெள்ளை பேண்ட்டைப் பார்த்தார்.

"பிரிக்கல. பிடிச்சுதான் குடுத்துட்டே இருக்கேன். இளைச்சுகிட்டே போறா. துணி தளர்ந்துடுச்சுன்னு சொன்னா, நானும் ஆமான்னேன்."

திருட்டுத்தனமாகத் தின்கிற பெண் ஏன் இளைக்க வேண்டும்? தின்றதற்குத் தண்டனையாக மற்ற நேரமெல்லாம் பட்டினி கிடக்கிறாளா? மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது.

வானொலி பதறிப்போய் எழுந்தான். "அக்கா, இதையும் என்னோடதுன்னு சொல்லிடவா? எனக்குக் கேரட் பழகிடுச்சு."

"வேண்டாம்டா. நீ சுமந்தது போதும்." அவள் தம்பியின் தலையைத் தடவினாள். "உக்காரு. யாரும் எதையும் எடுத்து ஒளிக்காதீங்க."

கதவு திறந்தது. மகள் பையைத் தோளிலிருந்து இறக்கியபடியே வந்தாள். "அம்மா, பஸ் எப்படி ஓடுச்சு? என்னம்மா இது, ஆரஞ்சு? மாமா ஒழுங்கா சாப்பிட்டாரா?"

"மாமா எப்பவும் ஒழுங்காத்தான் சாப்பிட்டாரு கண்ணு. திருட்டுத்தனமா தின்னது நான்." பஸ்காரம்மா ஒரு நாற்காலியைக் காலால் தள்ளிவிட்டாள். "இன்னைக்கு டிப்போல எல்லார் முன்னாடியும் சொல்லிட்டேன். முதல்ல உன்கிட்டதான் சொல்லியிருக்கணும். பொம்மைக்குள்ள இருந்த பிஸ்கட் எல்லாம் என்னோடது."

மகள் மேசையைப் பார்த்தாள். பிஸ்கட்டுகளைப் பார்த்தாள். அவற்றுக்குப் பக்கத்தில் வரிசையாக இருந்த சின்னச் சதுரங்களைப் பார்த்தாள். கையிலிருந்த பை நழுவித் தரையில் விழுந்தது. உள்ளே ஏதோ சரசரவென்று நொறுங்கியது.

யாரும் அதைக் குனிந்து எடுக்கவில்லை. யாரும் எதுவும் கேட்கவில்லை. அம்மா மட்டும், ஆரஞ்சுப் பட்டை போட்ட கோட்டோடு, கையை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"இங்க இருக்கிற எல்லாமே உன்னோடதாம்மா?" என்றாள் மகள். கடைசி வார்த்தை சரியாக வரவில்லை.

"பிஸ்கட் மட்டும்தான்டி கண்ணு" என்றாள் பஸ்காரம்மா.